ஈற்றுப் புண்ணும் சர்க்கரை அளவும்
வாசகர் கேள்வி – பல் மருத்துவர் பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 54. 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டு வருகிறார். சென்ற மாதம் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.4 சதவீதம் என்று வந்தது. காலையில் ரொட்டியைக் கடித்தால் கடித்த இடத்தில் இரத்தக் கறை படிகிறது. கீழ்வரிசை முன்பற்கள் இரண்டு ஆடுகின்றன. ஈற்றைச் சரிசெய்தால் சர்க்கரை இறங்கிவிடும், பிறகு மாத்திரையே வேண்டாம் என்கிறார் என் நாத்தனார். இவரோ, சுத்தம் செய்தால் ஆடுகிற பல் விழுந்துவிடும் என்று அஞ்சி வர மறுக்கிறார். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதமிருந்து, கன்னத்தில் அலகு குத்திக் காவடி எடுப்பவர் இவர். அதற்கு முன் சிகிச்சை செய்துகொள்ளலாமா?
– ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: சகோதரி, உங்கள் நாத்தனார் சொன்னதில் முதல் பாதி உண்மை; பின்பாதி ஆபத்தானது.

ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை ஓரளவு குறையும் என்பதற்கு இன்று நல்ல சான்று இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பு 2022-இல் வெளியிட்ட மறுஆய்வு 35 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. ஈற்றுக்கு அடியில் பல்லின்மேல் கெட்டியாகப் படிந்த அழுக்கான காரையை அகற்றிக்கொண்ட சர்க்கரை நோயாளிகளுக்கு, அந்தச் சிகிச்சை பெறாதவர்களைக் காட்டிலும், மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்தது. ஆறாம் மாதத்தில் அந்த வேறுபாடு 0.30. இந்தச் சராசரி உங்கள் கணவருக்கும் பொருந்துமானால், அவருடைய 8.4 என்பது 8-ஐ ஒட்டி வரும். புதிய மாத்திரை ஒன்றும் சேர்க்காமல் கிடைக்கும் இறக்கம் என்பதால் அது மதிப்புள்ளதே. ஆனால் மெட்ஃபார்மினை நிறுத்த அதில் இடமே இல்லை.

அமெரிக்காவில் 514 பேரிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில் சர்க்கரை குறையவில்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. சிகிச்சைக்குப் பிறகும் அவர்களுடைய பற்களில் அழுக்கும் ஈறுகளில் இரத்தக் கசிவும் அதிகமாகவே இருந்தன என்று ஈறு நிபுணர்கள் பலர் சுட்டிக்காட்டினார்கள். அரைகுறையாகச் சுத்தம் செய்தால் சர்க்கரையில் மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வாய்க்கும் இரத்தச் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். ஈறு பல்லைத் தழுவும் இடத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள இடுக்கு எல்லோருக்கும் உண்டு. நோய் முற்றும்போது அது 5, 6 மில்லிமீட்டர் ஆழமுள்ள பையாகி, அதன் உட்சுவர் புண்ணாகிவிடுகிறது. வாய் முழுவதும் உள்ள இத்தகைய புண்களின் பரப்பைக் கணக்கிட்டவர்கள் அதை 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது, ஏறத்தாழ ஒரு தீப்பெட்டியின் மேற்புறம் அளவு. அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால், சர்க்கரை நோயாளி ஒருவர் அன்றைக்கே மருத்துவமனைக்கு ஓடுவார். வாய்க்குள் வலியில்லாமல் இருப்பதால் ஆண்டுக்கணக்கில் விட்டுவைக்கிறோம். அந்தப் புண்ணிலிருந்து கிருமிகளும் அழற்சியைத் தூண்டும் பொருள்களும் இரத்தத்தில் கலந்து, இன்சுலின் சரிவர வேலை செய்யாதபடி தடுக்கின்றன. ஏறிய சர்க்கரையோ, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களை மந்தமாக்கி, ஈறு ஆறவிடாமல் செய்கிறது. இப்படி இரண்டு நோய்களும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. நம் மொரீஷியஸ் தீவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கும்போது, கண்ணையும் காலையும் பரிசோதித்துவிட்டு வாயைத் திறக்கச் சொல்லாமலே அனுப்பிவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

உங்கள் கணவரின் அச்சத்தை நான் நாள்தோறும் கேட்கிறேன். பல்லை ஆட வைப்பது சுத்தம் செய்வதல்ல. பல்லைத் தாங்கும் எலும்பு கரைவதுதான். கெட்டியான காரை ஆடும் பற்களைச் சிமெண்ட் போல ஒன்றோடொன்று பிணைத்திருப்பதால், அதை எடுத்ததும் ஆட்டம் கூடியதாகத் தோன்றலாம். வீக்கம் வற்றும்போது பற்களுக்கு இடையே சந்து தெரியும். குளிர்ந்த தண்ணீர் சில வாரங்கள் கூசும். இவற்றைச் சிகிச்சைக்கு முன்பே அவருக்குச் சொல்லிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, இரண்டு முதல் நான்கு வருகைகளில் முடிக்கக்கூடிய வேலை இது. இரண்டு மூன்று மாதங்கள் கழித்துப் பைகளின் ஆழத்தை மறுபடியும் அளந்தால்தான், அந்த இரண்டு பற்களைக் காப்பாற்ற முடியுமா என்பது தெரியும்.

காலை வேளையில், வழக்கமான உணவையும் மாத்திரையையும் சாப்பிட்டுவிட்டு வரட்டும். வெறும் வயிற்றோடு வருவதுதான் சர்க்கரை நோயாளிகள் செய்யும் பெரிய தவறு. இரத்தம் இளகுவதற்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுப்பவராயின், அதைத் தாமாக நிறுத்தாமல் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிகரெட் பிடிப்பவராயின் அதை விட வேண்டும். விடாதவர்களுக்குச் சிகிச்சையின் பலன் குறைவாகவே கிடைக்கிறது.

தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னதாகவே சிகிச்சையை முடித்துக்கொள்வது நல்லது. விரதத்தில் உணவு நேரம் மாறுமானால், மாத்திரையை எப்படிப் போடுவது என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். முருகனுக்கு நேர்ந்துகொண்டதைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஆயினும் ஈற்றில் புண்ணும் 8.4 என்ற அளவும் இருக்கும்வரை, கன்னத்தில் குத்தும் காயம் ஆறத் தாமதமாகலாம், கிருமியும் தொற்றலாம். அதனால் இந்த ஆண்டு அலகில்லாமல் காவடி மட்டும் எடுக்கட்டும் என்று, ஒரு தமிழனாகவும் மருத்துவனாகவும், அவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள என் தாயாருக்கு எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டு, செயற்கைப் பல் செட் வைத்திருக்கிறோம். இனி வாயைப் பற்றிக் கவலை இல்லைதானே?
– ஒரு வாசகர், வாக்குவா

பதில்: ஈற்றுப் பைகள் இனி இல்லை என்பது உண்மைதான். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு வாய் உலர்வதும், செட்டுக்கு அடியில் பூஞ்சை படிந்து மேலண்ணம் சிவந்துபோவதும் அதிகம். இரவில் செட்டைக் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அது தளர்ந்திருந்தால் உடனே சரிசெய்யுங்கள். மெல்ல முடியாதவர்கள் காய்கறியை விட்டுவிட்டு, தேநீரில் நனைத்த ரொட்டிக்குப் போய்விடுகிறார்கள், சர்க்கரையும் ஏறிவிடுகிறது.