டா வின்சி கோட் மாதிரி நாவல் படிச்சா கிறிஸ்தவ நம்பிக்கை ஆட்டம் காணுமா?

ஆட்டம் காணும்னு பயப்பட வேணாம், ஆனா எது கதை எது வரலாறுன்னு பிரிச்சுப் பாக்கணும், அவ்ளோதான். 2003-ல வந்த அந்த நாவலோட முதல் பக்கத்துலயே "இதெல்லாம் உண்மை"ன்னு ஒரு குறிப்பு, பிரையரி ஆஃப் சியோன் 1099-ல ஆரம்பிச்ச ரகசிய சங்கம்னு. நெசத்துல அது 1956-ல பியர் பிளான்டார்னு ஒரு பிரெஞ்சுக்காரரும் அவரோட கூட்டாளிகளும் பதிவு பண்ண சங்கம், பழைய ஆவணம்னு சொன்னதும் போலி.

அப்புறம் நிசேயா சங்கம், அதாவது கி.பி. 325-ல பிஷப்புங்க கூடுன மாநாடு. அங்கதான் ஓட்டுப் போட்டு இயேசுவை கடவுள் ஆக்குனாங்க, அதுவும் இழுபறியா ஜெயிச்சாங்கன்னு கதைல வரும். நெசத்துல அங்க நடந்த சண்டையே வேற, மகனான இயேசு பிதாவுக்கு சமமா இல்ல படைக்கப்பட்டவரான்னு ஆரியஸ்னு ஒரு பாதிரியார் கெளப்புன பிரச்சனை, கடைசில எடுத்த முடிவுக்கு கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்ன பிஷப்புங்க ரெண்டே பேர்தான். அதுக்கு இருநூறு வருஷம் முன்னாடியே ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவங்க கிறிஸ்துவை கடவுளா நெனச்சு பாட்டுப் பாடுறாங்கன்னு பேரரசருக்கு லெட்டர் போட்டுட்டாரு.

எனக்கு ரொம்பப் புடிச்சது பைபிள்ல சேராத பிலிப்பு நற்செய்தி மேட்டர்தான், இயேசுவுக்கும் அவரோட சீடர் மகதலேனா மரியாளுக்கும் கல்யாணம் ஆச்சுன்னு சொல்ல நாவல் இதைத்தான் காட்டும். 1945-ல எகிப்துல நாக் ஹம்மாடில கெடச்ச காப்டிக் (பழைய எகிப்திய மொழி) சுவடி அது, மகதலேனாவை இயேசு முத்தமிட்டார்னு வர்ற வரில, எங்கேங்கிற வார்த்தை இருக்க வேண்டிய எடத்துல சரியா ஓட்டை! அந்த ஓட்டைல "வாய்"னு போட்டு நிரப்புறது ஊகம்தான் (த்ரில்லர் எழுதுறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்).

ஒருவேளை உங்களுக்குள்ள கேள்வி வந்துச்சுன்னா, நாவலை மூடி வெக்காதீங்க, பக்கத்துலயே ஒரு சபை வரலாறு புக்கையும் வெச்சு சேத்துப் படிங்க.