பாதரசம் தங்கமாகுமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பாதரசத்தைத் தங்கமாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னதை நம்பி என் சித்தப்பா பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார். அந்த ஆள் கண்ணெதிரே செய்தும் காட்டினாராம். இரண்டுக்கும் ஒரே ஒரு புரோட்டான்தான் வித்தியாசம் என்று அறிவியல் விளக்கமும் கொடுக்கிறாராம். இது நடக்கிற காரியமா? (வாசகர், விருதுநகர்)

பதில்: முதலில் பணம் கைமாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த ஆள் சொன்ன கணக்கு சரிதான். ஒரு தனிமம் எது என்பதைத் தீர்மானிப்பது அதன் அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கைதான். தங்கத்தின் அணுக்கருவில் 79 புரோட்டான்கள், பாதரசத்தில் 80. ஒன்றைக் கழித்தால் தங்கம். ஆனால் அந்த ஒன்றைக் கழிப்பதுதான் வேதிவினையால் முடியாத வேலை. அடுப்பில் வைத்தாலும், அமிலம் ஊற்றினாலும், மூலிகைச் சாறு விட்டுப் புடம் போட்டாலும், நடப்பதெல்லாம் அணுவின் வெளிப்பக்கம் இருக்கிற எலக்ட்ரான்களின் கொடுக்கல் வாங்கல்தான். உள்ளே இருக்கும் அணுக்கருவை அது தொடுவதே இல்லை, ஏனென்றால் அணுக்கருவைக் கட்டி வைத்திருக்கிற ஆற்றல் வேதிவினைகளில் புழங்கும் ஆற்றலைவிட ஏறத்தாழ பத்து லட்சம் மடங்கு பெரியது.

அப்படியானால் சித்தப்பா கண்ணால் பார்த்த தங்கம் எங்கிருந்து வந்தது? பாதரசத்துக்குத் தங்கத்தைக் கரைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதில் கொஞ்சம் தங்கத்தை முன்கூட்டியே கரைத்து எடுத்து வந்தால் பார்ப்பதற்கு வெறும் பாதரசம் போலத்தான் இருக்கும். நன்றாகச் சூடாக்கினால் பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், தங்கம் அடியில் நிற்கும். அவர் செய்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இதில் பணத்தைவிட எனக்குக் கவலை அந்த ஆவிதான். அது நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், வாசனையும் கிடையாது. உங்கள் வீட்டுக்குள் வைத்து இதைச் செய்ய ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

உண்மையிலேயே பாதரசத்தைத் தங்கமாக்கியவர்கள் இருக்கிறார்கள். 1941இல் அமெரிக்க இயற்பியலாளர்கள் பாதரசத்தின் மீது வேகமான நியூட்ரான்களை (அணுக்கருவில் புரோட்டான்களோடு இருக்கும், மின்னூட்டம் இல்லாத துகள்களை) மோதவிட்டார்கள், தங்கம் கிடைத்தது. ஆனால் அது கதிரியக்கத் தங்கம், சீக்கிரமே சிதைந்து திரும்பப் பாதரசமாகவே மாறிவிடும். ஜெனிவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலும், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கருவியில் 82 புரோட்டான்கள் கொண்ட காரீய அணுக்கருக்களை ஒன்றையொன்று உரசுகிற மாதிரி ஓடவிட்டபோது, சிலவற்றில் மூன்று புரோட்டான்கள் கழன்று தங்க அணுக்கருவாகியிருக்கின்றன. 2015 முதல் 2018 வரை நடந்த சோதனைகளில் அப்படி உருவானவை சுமார் 8,600 கோடி என்று 2025இல் அறிவித்தார்கள். கேட்க நிறைய மாதிரி தெரிகிறது, அல்லவா? எடை பார்த்தால் ஒரு கிராமை லட்சம் கோடி பங்காகப் பிரித்து அதில் 29 பங்கு. அதுவும் கண் இமைப்பதற்குள் கருவியின் குழாய்ச் சுவரில் மோதிச் சிதறிவிட்டது. இதை அப்படியே சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: ரஷ்ய வேதியியலாளர் மெண்டெலீவ் தனிமங்களை அணு எடை வரிசையில் அடுக்கினார் என்று படிக்கிறோம். ஆனால் தனிம வரிசை அட்டவணையில் டெலூரியம் 127.6, அடுத்து வரும் அயோடின் 126.9. எடை குறைகிறதே? அச்சுப் பிழையா? (பிளஸ் ஒன் மாணவி, தேனி)

பதில்: அச்சுப் பிழை இல்லை. மனப்பாடம் செய்யாமல் எண்களை உற்றுப் பார்த்திருக்கிறீர்களே, அதற்கே ஒரு பாராட்டு.

1869இல் மெண்டெலீவ் அட்டவணை போட்டபோது தெரிந்திருந்த தனிமங்கள் 63. எடை வரிசைதான் அவருக்கு அடிப்படை, ஆனால் எடைக்கு அவர் அடிமையாக இல்லை. அயோடினின் குணம் அப்படியே குளோரின், புரோமின் குடும்பம். டெலூரியமோ கந்தகம், செலினியத்தோடு சேர்வது. எடைப்படி வைத்தால் இரண்டும் வீடு மாறிப் போய்விடும். அதனால் குணத்தைப் பார்த்து வைத்துவிட்டு, டெலூரியத்தின் எடையை யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அதில் அவர் சொன்னது தப்பு, எடை சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. ஆனால் வைத்த இடம் சரி!

இதே துணிச்சல்தான் அவரைக் காலி இடங்கள் விடவும் வைத்தது. அலுமினியத்துக்குக் கீழே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, 'ஏக அலுமினியம்' என்று பெயரும் வைத்தார். ஏகாதசியில் வருகிற அதே ஏக, சமஸ்கிருதத்தில் ஒன்று. 1875இல் பிரான்ஸில் லெகாக் டி புவபோத்ரான் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்துக் கேலியம் என்று பெயரிட்டார், அடர்த்தி தண்ணீரைப்போல் 4.7 மடங்கு என்றார். அந்த உலோகத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத மெண்டெலீவ், இல்லை, 5.9க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சுத்தப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள். 5.9! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிற இடம் இது. (கேலியம் 30 டிகிரியிலேயே உருகிவிடும், சென்னை மே மாதத்தில் மேசை மேல் வைத்தால் தானாக உருகி நிற்கும்.)

சரி, உங்கள் கேள்விக்கு முழு விடை 1913இல்தான் வந்தது. ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர் ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்தபோது அவை படிக்கட்டு மாதிரி ஒரே சீராக ஏறிக்கொண்டு போயின. ஒவ்வொரு படியும் அணுக்கருவில் ஒரு புரோட்டான். அதுதான் அணு எண், டெலூரியத்துக்கு 52, அயோடினுக்கு 53. புரோட்டான் ஒன்று குறைவாக இருந்தும் டெலூரியம் கனமாக இருப்பதற்கு அதில் நியூட்ரான்கள் கூடுதலாக இருப்பதே காரணம். ஆர்கான், பொட்டாசியம் எடைகளையும் பாருங்கள், இதே கதை. மோஸ்லி முதல் உலகப்போரில் 1915இல் துருக்கியின் கலிப்போலியில் கொல்லப்பட்டார். வயது 27.

கேள்வி: சோடியத்தின் குறியீடு ஏன் எஸ் எழுத்தில் தொடங்கவில்லை? (வாசகர், காரைக்கால்)

பதில்: அதன் குறியீடு Na, அது நேட்ரியம் என்ற பெயரிலிருந்து வந்தது. அதேபோல் பொட்டாசியத்துக்குக் காலியம் (K), இரும்புக்கு ஃபெர்ரம் (Fe), தங்கத்துக்கு ஆரம் (Au), டங்ஸ்டனுக்கு வொல்ஃப்ராம் (W). 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த எழுத்துக் குறியீட்டு முறையைக் கொண்டுவந்தவர் சுவீடனின் பெர்சீலியஸ்.

கேள்வி: சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும், குளோரின் விஷவாயு என்று மகன் படிக்கிறான். இரண்டும் சேர்ந்த உப்பைத் தினமும் குழம்பில் போடுகிறோமே, பயம் இல்லையா? (இல்லத்தரசி, கும்பகோணம்)

பதில்: பயமே வேண்டாம். சோடியத்தின் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான், அதை யாரிடமாவது தள்ளிவிட்டால் போதும் என்று இருக்கும். குளோரினுக்கு வெளிக்கூட்டில் ஏழு, எட்டாக்க ஒன்று வேண்டும். இந்தத் தவிப்புதான் வெடிப்புக்கும் விஷத்துக்கும் காரணம். இரண்டும் சேரும்போது அந்த எலக்ட்ரான் கைமாறுகிறது, இரண்டும் அயனிகளாகி (மின்னூட்டம் பெற்ற அணுக்களாகி) அமைதியாகிவிடுகின்றன. சோடியத்தின் 11 புரோட்டான்கள் 11ஆகவே இருப்பதால் அது சோடியம்தான், ஆனால் ஆய்வகத்தில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கவைத்திருக்கும் அந்த மூர்க்க உலோகம் அல்ல.

ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கடைகளில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கிறார்களே, பெரும்பாலும் அதில் சோடியம் குளோரைடின் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். அட்டவணையில் சோடியத்துக்கு நேர் கீழே இருப்பது பொட்டாசியம், அதுவும் ஒற்றை எலக்ட்ரான் குடும்பம், அதனால்தான் சுவையும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. ஆனால் உடம்புக்குள் இரண்டும் ஒன்றல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.