கேள்வி-பதில்: சாப்ரியா மாதிரி ஆகணுங்கிறான் பையன்

கேள்வி: நான் கரூர்ல சின்னதா பஸ் பாடி பட்டறை வச்சிருக்கேன். பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடிச்சிட்டான். மேல படிக்க மாட்டானாம், திலீப் சாப்ரியா மாதிரி சொகுசு காரை எல்லாம் மாத்திக் குடுக்குற கடை போடணுமாம், பணம் குடுன்னு நிக்கிறான். அந்த மனுசனையே போலீஸ் புடிச்சிட்டுப் போச்சே, இதெல்லாம் ஒரு பொழப்பாங்க?
– ஒரு வாசகர், கரூர்

பதில்: நல்ல பொழப்புதாங்க. ஆனா இப்போதைக்குப் பணம் குடுக்காதீங்க.

2020 டிசம்பர்ல மும்பை போலீஸ் சாப்ரியாவை கைது பண்ணது உண்மை, அவரு கம்பெனி சொந்தமா பண்ணின அவந்திங்கிற ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்துல மோசடின்னு குற்றச்சாட்டு, அதை கோர்ட் பாத்துக்கும். அதுக்காக அவரு செஞ்ச வேலையை எல்லாம் தூக்கிப் போட்டுட முடியாது. அமெரிக்காவுல பாசடீனாங்கிற ஊர்ல ஆர்ட் சென்டர்னு ஒரு காலேஜ், கார் டிசைனுக்குன்னே உலகம் பூரா பேர் வாங்கின இடம், அங்க படிச்சிட்டு ஜெனரல் மோட்டார்ஸ்ல கொஞ்ச நாள் இருந்துட்டு ஊருக்கு வந்தவரு. வந்ததும் ஸ்போர்ட்ஸ் கார் பண்ணலை, கார் ஆக்சஸரிஸ் பண்ணி வித்துதான் காலூன்றினாரு. 2003ல அமெரிக்காவுல டெட்ராய்ட் கார் ஷோவுல ஆஸ்டன் மார்ட்டின்ங்கிற இங்கிலாந்து கார் கம்பெனி வச்ச வி8 வான்டேஜ் கான்செப்ட் காரைக் கட்டிக் குடுத்தது மும்பையில இருந்த அவரோட பட்டறை. நம்ம ஊர் டிங்கரிங், பெயிண்டிங் ஆளுங்க கைக்கு அது எவ்ளோ பெரிய மரியாதை! ஆனா மேல படிக்க மாட்டேங்கிற உங்க பையன் அந்தப் படிப்பையும் ஆக்சஸரிஸ் காலத்தையும் தாண்டி நேரா டெட்ராய்ட்ல போய் நிக்கப் பாக்குறான்.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. நெறைய கார்ல முன் சீட்டோட ஓரத்துல சைடு ஏர்பேக் இருக்கும். மோதினா அது கிழிச்சிட்டு வெளிய வரணும்னே அந்த இடத்துத் தையலை மட்டும் பிரியிற மாதிரி கம்பெனியில தைச்சிருப்பாங்க. புதுசா லெதர் போடுறவரு பளிச்சுன்னு இருக்கட்டும்னு அதே இடத்துல கெட்டியா டபுள் தையல் ஓட்டிட்டார்னா சீட்டு அழகாத்தான் இருக்கும், கஸ்டமரும் சந்தோஷமா பில்லைக் கட்டிட்டுப் போவாரு, ஆனா மோதுற அன்னைக்கு அந்த பேக் வர வேண்டிய மாதிரி வெளிய வராது. ஸ்கெட்ச் நல்லாப் போடுற பையனுங்க எத்தனையோ பேர் இருக்காங்க, இந்தத் தையல் எங்க போகுதுன்னு கேக்குற பையன்தான் எனக்கு வேணும்.

அப்புறம் சட்டம். கம்பெனி கொடுத்த ஒரிஜினல் ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு சொல்லுது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் ஒரு கேரள வழக்குல அதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தின ஓனருக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயில் இல்லேன்னா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ரெண்டுமே கூட வரலாம். மாட்டுறது கஸ்டமர், பேர் கெடுறது கடைக்கு. ஜெர்மனியில போடோ புஷ்மான் 1977ல போட்ராப்ங்கிற ஊர்ல மெர்சிடிஸ் காரை மாத்திக் குடுக்குற பிராபஸ்ங்கிற கம்பெனியை ஆரம்பிச்சாரு, அப்பா மெர்சிடிஸ் டீலர். அந்த நாட்டுல வண்டியில மாத்துறதை டியூவி மாதிரி அமைப்புங்க சோதிச்சு சான்று தரும், அதை வண்டி ரெக்கார்டுலயும் ஏத்திக்கலாம், மாத்துறதுக்குன்னு முறையான ஒரு வழி இருக்கு. அந்த வழி இருந்ததாலதான் ஒரு பட்டறை உலக பிராண்டா வளர முடிஞ்சுது. இங்கயும் அப்படி ஒரு வழி வரணும், அதை அரசாங்கத்துக்கிட்ட எல்லாரும் சேந்து கேக்கணும், மொத்தமா தடை போட்டா வேலை நிக்காது, மறைவா நடக்கும்.

அவந்தியையும் பையன் பாக்கட்டும். 2012 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவுல காட்டினாங்க, விற்பனைக்கு வந்தப்ப ரெனோவோட 2 லிட்டர் டர்போ இன்ஜின், சுமார் 250 குதிரை சக்தி. அடுத்தவன் காரை மாத்துற வரைக்கும் பிரேக்கும் சர்வீஸும் ஸ்பேர் பார்ட்ஸும் அந்தக் கம்பெனி தலைவலி, சொந்தமா கார் விக்க ஆரம்பிச்சா அத்தனையும் நம்ம தலையில. முதலும் ஆளும் இல்லாம அதைச் சுமக்க முடியாது.

உங்க கிட்ட இருக்குறது என்னன்னு உங்களுக்கே தெரியலைங்க. பஸ் பாடி எப்படிக் கட்டணும்னு சொல்ற ஏஐஎஸ்-052 விதிமுறை வந்தப்ப கரூர் பட்டறைங்க என்னெல்லாம் மாத்த வேண்டி வந்துச்சு, எந்த பேப்பர் எங்க போகணும், எந்த டெஸ்ட் பாஸ் ஆகணும், இதெல்லாம் உங்க விரல் நுனியில இருக்கும். சேசிஸ் வாங்கி அது மேல கேரவனோ வேனிட்டி வேனோ கட்டுறதுக்கு முறையான அப்ரூவல் வழி இருக்கு. சாப்ரியாவே ஷாருக்கானுக்கு வால்வோவுல வேனிட்டி வேன் கட்டினவருதான். சொகுசு வேலைக்கு உங்க பட்டறையை விட நல்ல எடத்தை எங்க போய்த் தேடப் போறான்?

ஒரு வருஷம் உங்க கூட நிக்கட்டும், பட்டி தேய்க்கட்டும், வயரிங் இழுக்கட்டும். அதுக்கப்புறமும் டிசைன்தான்னு நின்னா லேட்டரல் என்ட்ரியில பி.இ. சேத்து விடுங்க, முடிச்சிட்டு காந்திநகர்ல இருக்குற தேசிய டிசைன் காலேஜ் என்ஐடிக்கோ, பம்பாய் ஐஐடியோட டிசைன் பிரிவான ஐடிசிக்கோ எழுதட்டும். வேலைக்கு மும்பைதான் போகணும்னும் இல்ல, ரெனோவோட டிசைன் ஸ்டூடியோ சென்னையிலயே இருக்கு.

அதுவரைக்கும் கடைப் பேச்சை எடுத்தான்னா ஒண்ணே ஒண்ணு கேளுங்க: மாத்தின வண்டியை ஆர்சியில எப்படிடா ஏத்துவ?