கூஃபியும் சாலையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிஸ்னியின் ‘மோட்டார் மேனியா’ (1950) கார்ட்டூன் குறும்படத்தை வீட்டில் பார்த்தோம். நடந்துபோகும்போது தங்கமான மனிதராக இருக்கும் கூஃபி (டிஸ்னியின் நாய்முகக் கார்ட்டூன் பாத்திரம்), காரில் ஏறியதும் பேயாகிவிடுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ ஓர் உறுத்தல். பழியைக் காரின் மேல் போட்டு மனிதனைத் தப்பவிட்டுவிடுகிறார்களோ?

கே.

அன்புள்ள கே.,

தொடக்கத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். படத்தில் கூஃபிக்கு இரண்டு பெயர்கள். எறும்பையும் மிதிக்காத வாக்கர், ஸ்டியரிங்கைப் பிடித்ததும் பல்லை நறநறக்கும் வீலராகிறார். நல்ல மருத்துவர் ஒருவர் மருந்தைக் குடித்துக் கொடியவனாக மாறும் ஜெகில், ஹைட் கதையின் பகடி இது.

நடுப்பகுதியை மறுபடி பாருங்கள். வீலர் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறார். பழைய வாக்கர் ஆகிவிடுகிறார். சாலையைக் கடக்க வேண்டும், மற்ற கார்க்காரர்கள் விடமாட்டோம் என்கிறார்கள். சற்றுமுன் அவர் பிறரைப் படுத்திய பாடெல்லாம் இப்போது அவர் தலையில் விடிகிறது. உயிர் தப்பிக் காருக்குத் திரும்புகிறார். திருந்தினாரா? உட்கார்ந்ததும் அதே வீலர்! தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். தனக்கு வந்த பிறகும் தெரியாது என்கிறார் இயக்குநர் ஜாக் கின்னி. சுமார் ஏழு நிமிடப் படத்தில் என்னை உலுக்கிய இடம் இதுதான்.

மற்ற கார்களில் இருப்பவர்களையும் கவனியுங்கள். எல்லாம் கூஃபியின் சாயல். அக்காலக் கூஃபி படங்களில் ஊரே அப்படித்தான் இருக்கும் என்றாலும், இங்கே அது குத்துகிறது. துரத்துபவனுக்கும் ஓடுபவனுக்கும் ஒரே முகம் என்றால், மனிதன் எங்கே தப்பித்தான்?

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே போருக்காக நிறுத்தப்பட்டது. டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன். போர் முடிந்ததும் கார்கள் பெருகின. இந்தப் படம் தியேட்டரில் சிரித்துக்கொண்டிருந்த கார்க்காரர்களையே பார்த்துப் பேசியது. பிற்பாடு ஓட்டுநர் பயிற்சி வகுப்புகளிலும் இதைத் திரையிட்டார்கள்.

ஆனாலும் இது பாடப்படம் அல்ல. முடிவில் நொறுங்கிய காரோடு இழுத்துச் செல்லப்படும் வீலருக்கு வர்ணனையாளர் புத்தி சொல்கிறார். வாயை மூடு என்று எரிந்து விழுகிறார் வீலர். அங்கே அவர் கண்ணீர்விட்டுத் திருந்தியிருந்தால் நாம் இன்று இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கமாட்டோம்.

அடிபட்ட பிறகும் வீலர் ஏன் மாறவில்லை என்று உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.