கயிற்றில் ஒட்டிய மணல்

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் முடிக்கப்போகிறேன். ஆராய்ச்சிக்குப் போக ஆசை. வீட்டிலோ, "அதுல இறங்கினா எப்ப மக்ளே செட்டில் ஆவே?" என்கிறார்கள். எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: இந்த 'செட்டில்' என்ற சொல்லை நம் குமரி மாவட்டத்து வீடுகளிலிருந்து விரட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கலங்கின தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்தால் மண் அடியில் போய்த் தங்குகிறதே, அதுதான் செட்டில் ஆவது. படிக்கிற பெண்ணை ஏன் அடியில் தங்கச் சொல்கிறார்கள்?

வீட்டில் மேலக்காட்டுவிளை வி.நாராயணனைச் சொல்லுங்கள். 1984-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்தது 1989-இல், முனைவர் பட்டம் 2001-இல். 2025-இல் இஸ்ரோவுக்கே தலைவர். இதில் எந்த வருடம் அவர் 'செட்டில்' ஆனார்?

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக நடந்தார்கள், வலை காயப்போட்டார்கள். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. மோனசைட்டில் தோரியம் என்ற உலோகம், அந்தக் காலத்து கேஸ் விளக்கில் ஒளிவிடும் வலையான மேண்டிலுக்கு அது வேண்டும். கயிறு வாங்கிய எத்தனையோ பேர் அந்த மணலைத் தட்டி உதறியிருப்பார்கள். அவர் ஒருவர் "இது என்ன?" என்று கேட்டதில் நம் கரைக்கு மணல் ஆலையே வந்தது. உதறிப்போட மனம் வராத அப்படியொரு கேள்வி உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் இறங்குங்கள். பேருக்கு முன்னால் டாக்டர் போடுவதற்கென்றால் வேண்டாம்.

ஆராய்ச்சி உதவித்தொகைக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வை எழுதுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற அந்த உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வாடகைப்படி தனி. வீட்டுக் கவலை பாதி அதிலேயே தீரும்.

கல்லூரியின் பெயரைவிட கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், முக்கியம். சேர்வதற்கு முன் அவரிடம் இப்போது படிக்கிற மாணவர்களை வெளியே டீக்கடையில் பிடியுங்கள். எழுதிக் கொடுத்ததை சார் படித்துத் திருத்துகிறாரா, எத்தனை வருடத்தில் வெளியே விடுகிறார், காய்கறி வாங்க மார்க்கெட்டுக்கு அனுப்புகிறாரா என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.

காசு கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரையை அச்சேற்றும் ஆய்வு ஜர்னல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். இதை நான் எழுதும்போதெல்லாம் சில பேராசிரியர்கள் கோபமாகக் கடிதம் போடுகிறார்கள். போடட்டும். அடுத்த இதழிலும் எழுதுவேன்.