அந்த வாளி ஒரு மணி நேரம் காத்திருக்காதா?

கேள்வி: என் வயது 47. வலது தோளுக்குப் பின்னால் இருந்த கொழுப்புக் கட்டியைப் போன வாரம் மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். ஐந்தாம் நாள், மகன் ஜிம்முக்குப் போயிருந்ததால், துவைத்த துணி வாளியை நானே மாடிக்குத் தூக்கிப் போனேன். மறுநாள் தையல் போட்ட இடம் புடைத்துவிட்டது. கட்டி திரும்ப வந்துவிட்டதா? பழையபடி எல்லா வேலையும் எப்போது செய்யலாம்?

பதில்: எடுத்த கட்டி ஆறு நாளில் முளைக்காது. அது இருந்த இடத்தில் நீர் கோத்திருக்கலாம், இல்லை வாளி தூக்கியதில் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். எது என்று டாக்டர்தான் தொட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் ஊசியால் உறிஞ்சி எடுப்பார். நாளைக்கே போங்கள். புடைப்பு வேகமாகப் பெரிதானாலோ, சுற்றிலும் சிவந்து சுட்டாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

சரி, 'மகன் ஜிம்முக்குப் போயிருந்ததால்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். காசு கட்டி இரும்பைத் தூக்குகிறவன், முதுகில் தையலோடு இருக்கும் அம்மாவின் ஈரத்துணியைத் தூக்க மாட்டானா? மாட்டேன் என்று அவன் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. நீங்கள் கேட்டதாகவும் எழுதவில்லை. அவன் வரும்வரை வாளி கீழேயே கிடந்தால் என்ன குடி முழுகிவிடும்?

இதே கதையைப் பல கைகள் எழுதிப் படித்துவிட்டேன். எழுதுகிறவர்கள் இதைத் தியாகம் என்று நினைக்கிறார்கள். எனக்கு இது பிள்ளையைக் கெடுக்கிற வேலையாகத்தான் தெரிகிறது. பெற்றவளுக்கு முடியாதபோது அவள் வேலையைக் கையிலிருந்து பிடுங்கிச் செய்வது பிள்ளையின் கடமை. அதற்குப் பெயர் உதவி அல்ல. வீட்டில் கற்றுத் தராவிட்டால், நாளைக்கு அவன் மனைவி தையலோடு படுத்திருக்கும்போதும் அவன் ஜிம்முக்குத்தான் போவான். (கடிதத்தில் உங்கள் கணவர் எங்குமே இல்லை. அதையும் கவனித்தேன்.)

இனி வேலை விஷயம். நடக்கலாம், உட்கார்ந்து செய்கிற வேலைகளைப் பார்க்கலாம். கையை ஒரேயடியாக அசைக்காமல் வைத்தால் தோள் இறுகிவிடும், அதனால் வலிக்காத அளவுக்கு மெல்ல அசையுங்கள். தூக்குவது, இழுப்பது, துணி பிழிவது, கையை உயர்த்தி ஒட்டடை அடிப்பது எல்லாம் வேண்டாம். முதுகுப் பக்கத் தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். பிரித்த அன்றே எல்லாம் ஆறிவிட்டதாக நினைத்து வாளியைத் தேடிப் போய்விடாதீர்கள். மூன்று வாரம் ஆனாலும் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் மூன்றில் ஒரு பங்குகூட வந்திருக்காது. அதுவும் தோள்பட்டை, கையை நீட்டும்போதெல்லாம் தோல் இழுபடுகிற இடம். அவசரப்பட்டால் தழும்பும் அகலமாகும்.

எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்றும் நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நாளைக்கு டாக்டரிடம் தனியாகப் போகாதீர்கள். மகனைக் கூட்டிப் போங்கள், அன்றைக்கு ஜிம் இல்லாவிட்டால் உடம்பு ஒன்றும் இளைத்துவிடாது. அம்மா எத்தனை கிலோ வரை தூக்கலாம், எத்தனை வாரம் கழித்துத் தூக்கலாம் என்று டாக்டரிடம் அவனே கேட்கட்டும். கிலோ கணக்கு அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.