பத்திரத்தில் உள்ள ‘லெட்’ வாடகையைத் தடுக்குமா?

கேள்வி: சென்னையில் எங்கள் தாத்தா 1958-இல் வாங்கிய வீட்டின் கிரயப் பத்திரம் ஆங்கிலத்தில் உள்ளது. வாங்குபவர் சொத்தை ‘வித்தவுட் எனி லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ அனுபவித்து வரலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. தமிழில் பெயர்த்துக் கொடுத்தவர் அதை ‘வாடகைக்கு விடாமலும் இடையூறின்றியும்’ என்று எழுதியிருக்கிறார். மாடியை வாடகைக்கு விட எண்ணியுள்ளோம். அது பத்திரத்தை மீறுவதாகுமா? பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டுமா?

பதில்: மீறுவதாகாது, பிழைத்திருத்தல் பத்திரமும் தேவையில்லை. பிழை பத்திரத்தில் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது. அந்த வரியில் வரும் ‘லெட்’ என்ற சொல்லுக்குத் தடை, தடங்கல் என்பதே பொருள். ‘எவ்விதத் தடையோ இடையூறோ இன்றி’ என்று எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திராது.

தெருவுக்குத் தெரு ‘டு லெட்’ பலகை தொங்கும் ஊரில் இந்தத் தவறு நேர்வது வியப்பன்று. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துகளில் எழுதப்படும் இரண்டு ‘லெட்’கள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அவை ‘லேட்டன்’ என்றும் ‘லெட்டன்’ என்றும் தனித்தனி வினைகளாக இருந்து, பிற்காலத்தில் ஒலி தேய்ந்து ஒன்றாகிவிட்டன. முதல் சொல்லுக்கு நம்முடைய ‘விடு’ என்னும் வினை ஏறக்குறைய அப்படியே பொருந்தும்: உள்ளே விடுவது, போக விடுவது, நோய்க்காக நரம்பைக் கீறி இரத்தத்தை வெளியே விடுவது, வீட்டை வாடகைக்கு விடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த ‘லெட்’ வரும். இரண்டாம் சொல் நேர் எதிரானது. மெதுவானது என்ற பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்து, மெதுவாக்கு, தாமதப்படுத்து, தடு என்று வளர்ந்தது. பேருந்து தாமதமானால் நாம் சொல்லும் ‘லேட்’ இதற்கு நெருங்கிய உறவு.

இந்தத் ‘தடு’ப் பொருள் ஒரு காலத்தில் எழுத்திலும் பேச்சிலும் தாராளமாகப் புழங்கியது. 1611-இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், 2 தெசலோனிக்கேயர் 2:7-இல், ‘லெட்’ என்று வரும் இடத்தில் தமிழ் விவிலியம் ‘தடைசெய்கிறவன்’ என்கிறது. அதை ‘அனுமதிக்கிறவன்’ என்று படித்தால் வசனமே தலைகீழாகிவிடும். பிறகு அந்தப் பொருள் அன்றாட வழக்கிலிருந்து விலகி, சில மூலைகளில் மட்டும் தங்கிவிட்டது. ஸ்குவாஷ் ஆட்டத்தில் எதிராளி வழியில் நின்றதால் பந்தை அடிக்க இயலாமற்போனால், அந்தப் புள்ளியை மீண்டும் ஆடச் சொல்லி நடுவர் ‘லெட்’ தருகிறாரே, அது இதுதான். உங்கள் கடவுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். குடியரசுத் தலைவரின் பெயரால் விடுக்கப்படும் அந்த வேண்டுகோளில், அதை வைத்திருப்பவரை ‘வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ செல்ல அனுமதிக்க வேண்டும் என்று அதே தொடர் அச்சாகியிருக்கும். வாடகைக்கும் அதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

ஒரே பொருளுடைய இரு சொற்களை அடுத்தடுத்து வைப்பது ஆங்கிலச் சட்ட எழுத்தின் பழக்கம். நம் பத்திர எழுத்தர்கள் ‘வில்லங்க விவகாரம்’, ‘ஆண்டனுபவித்து’ என்று இணைத்து எழுதுவதைப் போன்றதுதான் இதுவும். ஆகவே ‘லெட்’ என்பதன் பக்கத்தில் ‘ஹிண்ட்ரன்ஸ்’, ‘இன்டரப்ஷன்’, ‘டிஸ்டர்பன்ஸ்’ போன்ற சொற்கள் நின்றால் அது தடையைக் குறிக்கிறது என்று கொள்ளலாம். பெயர்ச்சொல்லாக வந்தாலே தடைதான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். வீட்டு வாடகை விவகாரங்களில் குத்தகையையே ‘லெட்’ என்று பெயர்ச்சொல்லாகச் சொல்லும் வழக்கும் ஆங்கிலத்தில் உண்டு.

உண்மையில் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்துவதற்காக எழுதப்பட்டதன்று, விற்றவரைக் கட்டுப்படுத்துவது. தானோ தன் வழியில் உரிமை கோருபவர்களோ வாங்கியவரின் அனுபோகத்தில் குறுக்கிட மாட்டார்கள் என்று விற்றவர் கொடுத்த உறுதிமொழி அது. பெரும்பாலும் அந்த வரியை அடுத்து ‘விற்பவராலோ அவர் மூலம் பாத்தியதை கோருபவராலோ’ என்ற கருத்துள்ள சொற்கள் தொடரும். உங்கள் பத்திரத்திலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு பேச்சுக்கு, ‘வாடகைக்கு விடக் கூடாது’ என்றே எழுதியிருந்தாலும்கூட, 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். சொத்தை முழு உரிமையுடன் மாற்றிக் கொடுத்துவிட்டு, அதை இன்ன விதமாகத்தான் அனுபவிக்க வேண்டும் என்று விதித்தால், அந்த விதி இல்லாதது போலவே பெற்றவர் நடந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். விற்றவர் பக்கத்திலேயே வேறொரு மனை வைத்திருந்து, அதன் பயனுக்காக விதிக்கும் நிபந்தனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, தவறான மொழிபெயர்ப்பை வங்கியிலோ வேறெங்கோ கொடுக்கும் முன் அந்த வரியைத் திருத்தி வாங்கிக்கொள்வது. மாடிக்கு ஆள் அமைந்ததும், வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். அந்த ஒப்பந்தம் ஆங்கிலத்தில் அமைந்து, அதில் ‘சப்லெட்’ என்ற சொல் வந்தால், அங்கே இருப்பது முதல் ‘லெட்’: உள்வாடகைக்கு விடுவதைப் பற்றிய நிபந்தனை அது.